கல்மதிலில் வைத்த வளையல்

ராகவி தமிழில் பதில் சொன்னாள். முதலில் நடந்தது அதுதான்.

"குளிருதா பிள்ளை?" என்று காரை ஓட்டியபடியே மகேசன் கேட்டான்.

"ஓம் அப்பா. கெதியா வீட்ட போவம்."

ஆறு வயதாகிறது, அந்த வாயிலிருந்து ஒரு முழுத் தமிழ் வசனம் வந்ததே இல்லை. எது கேட்டாலும் இங்கிலீஷ்தான். தாய் சுரேகா கெஞ்சியும் பார்த்தாள், சொக்லேட் கொடுத்தும் பார்த்தாள். இன்று தானாக வந்துவிட்டதே என்று மகேசனுக்குக் கண் கலங்கியது. பாவம், வாரம் முழுக்கப் புக்கெகோஹிப் பண்ணையில் வெங்காயம் தரம் பிரித்துக் களைத்த மனிதன். சந்தேகப்படவும் ஒரு தெம்பு வேண்டுமே.

சனிக்கிழமை பின்னேரங்களில் அப்பனும் மகளும் ஜியோகேஷிங் போவார்கள். யாரோ ஒளித்து வைத்த பெட்டியை ஃபோன் காட்டும் வழியில் தேடிப் பிடிக்கிற விளையாட்டு. ஒக்லாந்தின் பழைய தெருக்களையெல்லாம் அப்படித்தான் நடந்து பார்த்தார்கள். இன்றைய பெட்டி மவுண்ட் ஆல்பர்ட்டில், ரயில் பாதைக்குக் கல் உடைத்த காலத்து மதிலின் பொந்தில், ஈரப்பாசியும் துருவும் மணக்கக் கிடந்தது. உள்ளே ஒரேயொரு மரப்பொம்மை, சிறுமி உருவம். ஒன்றை எடுத்தால் ஈடாக ஒன்றை வைக்க வேண்டும், விளையாட்டின் முறை அது. ராகவி பொம்மையைக் கட்டிக்கொண்டு விடமாட்டேன் என்றாள். மகேசனிடம் கொடுக்க ஒன்றுமில்லை. கார்வரை போய்வரக் கால் ஒத்துழைக்கவில்லை. சாவிக்கொத்தில் தொங்கிய கறுப்பு வளையலைக் கழற்றி வைத்தான். கைக்குழந்தையாக இருந்தபோது ராகவிக்குக் கண்ணூறு படாமல் போட்டது. இனி எதற்கு என்று நினைத்தான்.

பிறகு முன்னால் நடந்தான். பின்னால் சின்னக் காலடி கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை. பின்கதவு சாத்தும் சத்தம் கேட்டதும் காரை எடுத்துவிட்டான்.

சிவப்பு விளக்கு. கார் நின்றது. பின்சீட்டில் ஏதோ பெல்ட்டில் தட்டிக்கொண்டிருந்தது. கண்ணாடியில் பார்த்தான். அவள் மணிக்கட்டில் அந்தக் கறுப்பு வளையல். ஒரு வயதுக்குப் பிறகு ராகவியின் கையில் ஏறாத வளையல், தொளதொளவென்று ஆடியது.

"பொம்மை எங்க, பிள்ளை?"

"எந்தப் பொம்மை அப்பா?"

மகேசன் காரைத் திருப்பினான். பின்சீட்டில் மூச்சும் கேட்கவில்லை. பாசி மணம் மட்டும் ஏறிக்கொண்டே வந்தது.

இருட்டிவிட்டிருந்தது. மதில். பொந்து. கையை விட்டு இழுத்தான். பெட்டி முன்பைவிடக் கனத்தது. மூடியைத் திறக்கும் முன்பே உள்ளிருந்து குரல் வந்தது. மெல்லிய குரல். அவன் மகளின் குரல்.

"டாட்? இட்ஸ் டார்க்."

பின்னால் கார்க் கதவு திறந்து மூடியது. சின்னக் காலடி. ஒரு கை அவன் கைக்குள் நுழைந்தது. மரத்தைப் போல வழுவழுத்துக் குளிர்ந்திருந்தது.

"மூடுங்கோ அப்பா. ஈடாக நாங்கள்தானே வைச்சனாங்கள்."

பெட்டிக்குள் ராகவி அழத் தொடங்கினாள்.