விளக்கணைந்த வண்டி

காலையில் குளித்து முடித்ததும் நான் செய்யும் முதல் வேலை எங்கள் வண்டியின் விளக்கைத் துடைப்பது. முன்கண்ணாடிக்கு மேலே, நெற்றியில் திருநீறு பூசியது போல, உள்ளங்கை அகலத்தில் இருக்கிறது அது. ஈரத்துணியால் ஒருமுறை, உலர்ந்த துணியால் மறுமுறை. வெயில் ஏறிய பிறகும் அதன் வெண்மை தெருக்கோடி வரை தெரியும். வாசல் தூணிலும் அதே போல ஒன்று எரிகிறது. எரிந்தால் இரண்டும் சேர்ந்தே எரியும்; அணைந்தால் சேர்ந்தே அணையும்.

இந்த நெறிவிளக்கு வந்த நாளிலிருந்து எங்கள் செங்காட்டுத் தோட்டத்து விளக்கு மங்கியதே இல்லை. எதிர்வீட்டுச் சென்னியப்பன் வீட்டில் போன வருடமே மங்கிவிட்டது. அவருடைய மருமகன் விமானத்தில், பின்னால் இருந்தவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது இருக்கையைச் சாய்த்துவிட்டான். சாம்பார் அந்த மனிதரின் மடியில் கொட்டியது. குறை விழுந்தது மருமகனுக்கு; மங்கியது குடும்பம் முழுவதற்கும். வழியில் பார்த்தால் சென்னியப்பன்தான் முதலில் வணக்கம் சொல்வார். மங்கிய வீட்டார் முந்திக்கொள்வதுதான் முறை. நானும் பதில் வணக்கம் சொல்வேன்.

இப்போதுள்ள பிள்ளைகளுக்குப் பழைய சாலை தெரியாது. எதிரே வருபவன் நம் கண்ணில் முழு வெளிச்சத்தை அடித்துக்கொண்டு வருவான். சிக்னல் பச்சையாவதற்குள் பின்னால் நிற்பவன் ஹார்ன் மீது படுத்துவிடுவான். சுங்கச்சாவடியில் அத்தனை பேரும் வரிசையில் நிற்க, ஒருவன் மட்டும் ஓரமாக வந்து மூக்கை நுழைப்பான். விமானமோ இன்னும் மோசம். சக்கரம் தரையைத் தொட்டதுதான் தாமதம், கொட்டகையில் படம் முடிந்தது போல எல்லோரும் எழுந்து பெட்டியை இறக்கி அடுத்தவன் தலையில் இடிப்பார்கள். முதுகில் முழங்காலை ஊன்றுகிறவன், விமானம் முழுக்கக் கேட்கும்படி கைபேசியில் நாடகம் பார்க்கிறவள், செருப்பைக் கழற்றிவிட்டு முன்னிருக்கையின் கைப்பிடியில் கால் வைக்கிறவன். இவர்களைத் தண்டிக்கச் சட்டமே இல்லை. முறைத்துப் பார்த்தால் திருப்பி முறைப்பார்கள்.

பயணநெறி வாரியம் இதற்கெல்லாம் ஒரு முடிவு கட்டியது. குற்றம் செய்தவனைத் தண்டித்தால் அவன் சிரிப்பான். அவன் குடும்பத்தின் விளக்கை அணைத்தால் அவன் அடங்குவான் என்று கண்டுகொண்டது. விளக்கு எரியும் வண்டிக்குச் சாலையில் எல்லோரும் வழி விட வேண்டும். மங்கிய வண்டி எரியும் வண்டிக்கு ஒதுங்க வேண்டும். விளக்கணைந்த வண்டி எல்லோருக்கும் ஒதுங்க வேண்டும். வண்டிகள் தாமாகவே ஓடுகிற தானோட்டிகள் ஆகிவிட்டதால் இதை மீறவும் முடியாது. அந்தச் சட்டம் வேண்டுமென்று கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருவன். இன்றும் அதைத் தவறென்று சொல்ல மாட்டேன்.

அன்று காலை விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து மருமகள் நிறைமதி கூப்பிட்டாள்.

“மாமா... கொஞ்சம் வாங்க.”

குரலே சரியில்லை. போய்ப் பார்த்தால் சமையலறைச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். தரையில் இரத்தம். அவளுக்கு எட்டாம் மாதம். மருத்துவரை அழைத்தேன். உடனே கொண்டுவரச் சொன்னார். நேரம் ஆக ஆக இரண்டு உயிருக்கும் ஆபத்து என்றார்.

“ஆம்புலன்ஸ் கூப்பிடலாங்களா மாமா?”

“அது கோயமுத்தூர்ல இருந்து வந்து, திரும்பிப் போகணும். நம்ம வண்டிக்கு இல்லாத வழியா கண்ணு? ஏறு.”

என் மகன் இளம்பரிதி தில்லியிலிருந்து விமானத்தில் வந்துகொண்டிருந்தான். ‘நிறைமதிக்கு வலி. ஆஸ்பத்திரிக்குப் போகிறோம்’ என்று அவனுக்குச் செய்தி அனுப்பிவிட்டுக் கிளம்பினேன்.

நான் நினைத்தபடியேதான் நடந்தது. பொள்ளாச்சிச் சாலையில் எங்கள் வண்டி ஏறியதும் முன்னால் போனவை ஒவ்வொன்றாக ஓரம் ஒதுங்கின. நிறைமதி பின்னிருக்கையில் படுத்தபடி என் துண்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். “பாத்தியா கண்ணு, எப்படி ஒதுங்கறாங்கன்னு” என்றேன். அவள் கண்ணைத் திறக்கவில்லை.

மலுமிச்சம்பட்டியைத் தாண்டியதும் வண்டி வேகம் குறைந்தது. பிறகு இடப்பக்கம் ஒதுங்கியது. பிறகு நின்றது. நாங்கள் முந்திவந்த வண்டிகள் எல்லாம் எங்களைக் கடந்து போயின.

“ஏன் நிக்குது மாமா?”

தலையை வெளியே நீட்டி நெற்றி விளக்கைப் பார்த்தேன். அணைந்திருந்தது.

முன்பலகையில் வாரியத்தின் அறிவிப்பு ஓடியது. உறுப்பினர் இளம்பரிதி. விமானம் நிற்குமுன் இருக்கையை விட்டு எழுந்தார். நடைபாதையில் ஓடினார். வரிசையை மீறினார். உடன் பயணித்தோர் சான்றளித்துள்ளனர்.

எனக்குத் தலை கொதித்தது. அவனை அழைத்தேன். “என்னடா காரியம் பண்ணியிருக்கற?”

“அப்பா, உங்க மெசேஜ் பாத்தேன். எந்திரிச்சு ஓடினேன். எம்பொண்டாட்டிக்கு முடியலைங்கன்னு கத்துனேன். ஒருத்தர்கூட ஏன்னு கேக்கலப்பா. எல்லாரும் போனத் தூக்கிச் சான்று குடுத்தாங்க.” அவனுக்கு மூச்சு வாங்கியது. “இப்பக் கடைசி ஆளாத்தான் எறக்கி விடுவாங்களாம். நிறைமதி எப்படி இருக்கா?”

அழைப்பைத் துண்டித்தேன். சான்று கொடுத்தவர்களைக் குறை சொல்ல முடியாது. கண்ணால் கண்டும் சான்றளிக்காதவருக்கும் குறை விழும். அவர்கள் குடும்பமும் மங்கும். நானாக இருந்தாலும் கொடுத்திருப்பேன்.

ஆம்புலன்ஸை அழைத்தேன். வருகிறது, ஆனால் நகரத்துக்குள்ளிருந்து வர வேண்டும் என்றார்கள். எங்கள் வண்டி இரண்டு அடி நகர்ந்தது. பின்னால் ஒன்று வந்ததும் மறுபடி நின்றது. நிறைமதியின் முகத்தில் நிறமே இல்லை. இருக்கை உறை நனைந்து சொட்ட ஆரம்பித்தது.

இறங்கினேன். சற்று முன்னால் சிக்னலுக்காக வரிசையில் நின்ற வண்டியின் கண்ணாடியைத் தட்டினேன். உள்ளே ஒரு கணவனும் மனைவியும். அந்த அம்மாள் நேரே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். கணவர் மட்டும் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கினார்.

“வண்டில என்ற மருமக. உசுருக்கு ஆபத்துங்க. உங்க வண்டில ஏத்திக்கிட்டீங்கன்னா...”

“தப்பா நெனச்சுக்காதீங்கய்யா. வெளக்கணஞ்ச வண்டிக்காரங்கள ஏத்துனா எங்களுக்கும் மங்கிரும். பொண்ணுக்குச் சம்பந்தம் பேசிட்டிருக்கறோம்.”

“தயவுபண்ணிக் கேக்கறனுங்க.”

கண்ணாடி ஏறிவிட்டது. அந்த வார்த்தையை நான் அதற்கு முன் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னதற்குப் பிறகும் பயனில்லை என்று அறிய நேர்ந்தது. அடுத்த வண்டி, அதற்கடுத்த வண்டி. எல்லோரும் மிக மரியாதையாகவே மறுத்தார்கள். ஒருவர் கைகூப்பினார்.

அப்போதுதான் ஹார்ன் சத்தம் கேட்டது. எத்தனையோ வருடங்களாகக் கேட்காத சத்தம். எதிர்த்திசையில், சாலையின் வலது ஓரத்தில், பகலிலும் முழு வெளிச்சத்தைப் போட்டுக்கொண்டு ஒரு முட்டை வண்டி வந்தது. கையால் ஓட்டுகிற பழைய வண்டி. நெற்றி விளக்கு அணைந்து கிடந்தது. பாட்டு காதைப் பிளந்தது. இப்படிப்பட்டவர்களை ஒழிக்கத்தான் நான் கையெழுத்துப் போட்டேன்.

வண்டி என் கால் விரலில் ஏறாத குறையாக நின்றது. ஸ்டியரிங்கில் ஒரு பெண். வாயில் வெற்றிலை.

“ஏனுங் பெருசு, நடுரோட்டுல நின்னுக்கிட்டு எந்த மந்திரிக்கு வரவேற்பு?”

“நாகரிகமாப் பேசும்மா.”

“நாகரிகமாத்தான் அத்தன பேரும் நிக்கறாங்களே, அவங்ககிட்டப் பேசறது?” என்றவள், என் வேட்டியைப் பார்த்தாள். அதில் இரத்தம் இருந்தது. பாட்டை நிறுத்தினாள். “யாருக்கு?”

“மருமகளுக்கு. எட்டாம் மாசம்.”

அவள் இறங்கி ஓடி எங்கள் வண்டிக்குள் எட்டிப் பார்த்தாள். “அட என்ற சாமி! தலமாட்டப் புடிங்க. நான் கால் பக்கம் புடிக்கறேன். ம், தூக்குங்க!”

முட்டைத் தட்டுகளைச் சாலையிலேயே இறக்கிப் போட்டுவிட்டு இடம் செய்தாள். நிறைமதியை உள்ளே கிடத்தினோம். நான் முன்னால் ஏறினேன். அவள் வண்டியைத் திருப்பி, எதிர்த்திசைப் பாதையில் நகரத்தை நோக்கி நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

“ராங் சைடுதானுங்க போகணும். நேருக்கு நேரா வண்டி வரும். பயப்படுவீங்களா?”

பின்னால் நிறைமதி முனகினாள்.

“எந்தப் பக்கம் வேணும்னாலும் போம்மா. நான் சொல்றேன், போ.”

போனாள். எதிரே வந்த வண்டிகள் கடைசி நொடியில் விலகின. ஒவ்வொரு முறையும் என் கால் இல்லாத பிரேக்கை மிதித்தது.

“எப்படி ஒதுங்கறாங்க?” என்றேன்.

“அவங்க எங்க ஒதுங்கறாங்க? வண்டி ஒதுங்குது. இவ மோதிருவான்னு அதுல இருக்கற சென்சாருக்குத் தெரியுமுங்க. மனுசனுக்கு வெளக்கு பயம், மெசினுக்கு என்ற மேல பயம்.” வெற்றிலையை வெளியே துப்பினாள். அது ஒரு வெள்ளை விளக்கு வண்டியின் கதவில் விழுந்தது. “கையச் சும்மா வெச்சிக்கிட்டு வர்றீங்களே, அந்த ஹார்ன அமுக்குங்க! எனக்கு ரெண்டு கைதான் இருக்குது.”

அமுக்கினேன். வைத்த கையை எடுக்காமல் அமுக்கினேன். ஒரு கட்டத்தில் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, “ஒதுங்குங்கடா!” என்று கத்தியது என் குரல்தான். பக்கத்து வண்டிகளில் கைபேசிகள் உயர்ந்தன.

மருத்துவமனை வாசலில் படுக்கை வண்டியோடு காத்திருந்தார்கள். நிறைமதியை உள்ளே கொண்டுபோனார்கள். கதவு மூடியது. நானும் அந்தப் பெண்ணும் வெளியே நின்றோம். பெயரைக் கேட்டேன். வசந்தாமணி என்றாள். நீ போகலாமே என்றேன். “பொறக்கட்டும், பாத்துட்டுப் போறேன். எப்படியும் முட்டை போச்சு” என்று சுவரோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

என் கைபேசி அதிர்ந்தது. வாரியத்தின் அழைப்பு. மென்மையான, மரியாதையான குரல்.

“வணக்கம் ஐயா. எதிர்த்திசையில் ஓடிய வாகனத்தில் இருந்த அருகாமைச் சான்றாளர் நீங்கள். ஓட்டுநர் வசந்தாமணி மீது சான்றளித்தால், உங்கள் குடும்பத்தின் நீண்டகால நன்னெறியைக் கருதி இன்றைய குறை நீக்கப்படும். உங்கள் விளக்கு இப்போதே எரியும்.”

“அந்தப் பொண்ணுக்கு என்ன ஆகும்?”

“வாகனம் பறிமுதல் செய்யப்படும். ஓட்டும் உரிமை மீளாது.”

“சான்று குடுக்கலேன்னா?”

“சான்றளிக்காவிட்டால் இன்றைய குறை நீங்காது. கட்டாயப்படுத்தி ஓட்டவைத்தவர் வேறொருவர் என்றால் குறை ஓட்டுநரை விட்டு அவரைச் சேரும். அத்தகைய குடும்பத்தின் விளக்கு மீண்டும் எரியாது ஐயா. பிறக்கும் குழந்தையும் அந்தக் குடும்பத்திலேயே பதிவாகும்.”

வசந்தாமணி கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். “குடுத்துருங்க பெருசு” என்றாள், என்னைப் பார்க்காமல். “எனக்கென்ன, புதுசா? நேத்துக்கூட ஒருத்தன் வண்டிய உரசிட்டுத்தான் வந்தேன். நீங்க சொல்லலேன்னாலும் ஊரே சொல்லும்.” ஆனால் அவள் கை வண்டிச் சாவியை விட மறுத்தது.

அந்த அழைப்பை நிறுத்திவைத்துவிட்டு மகனை அழைத்தேன். இன்னும் அவனை விமானத்தை விட்டு இறக்கவில்லை. “விளக்கு இனி எரியாதுன்னா என்னடா சொல்லுவ?” என்றேன். வீட்டு விஷயத்தில் நான் அவனைக் கேட்டு முடிவெடுத்ததில்லை. அவன், “நிறைமதி உள்ள எப்படிப்பா இருக்கா? டாக்டர் வந்தாங்களா?” என்றான். நான் கேட்டது அவன் காதில் ஏறவேயில்லை. விளக்கு அவன் நினைவிலேயே இல்லை என்று புரிந்தது.

வாரியத்தின் குரல் காத்துக்கொண்டிருந்தது. “உங்கள் சான்று, ஐயா?”

நிமிர்ந்து நின்றேன். பொய் சொல்லிப் பழக்கமில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

“ஹார்ன அமுக்குனது நான். எந்தப் பக்கம் வேணும்னாலும் போன்னு சொன்னது நான். ஒதுங்குங்கடான்னு கத்துனதும் நான். பேரை முழுசாவே எழுதிக்குங்க. செங்காட்டுத் தோட்டம் அர்த்தநாரி மகன் நாச்சிமுத்து.”

“உறுதிதானா ஐயா?”

“எங்க வீட்ல ஒருத்தரு சொன்னா அது உறுதிதான்.”

வசந்தாமணி சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகு, “பெருசுக்கு மண்டையில பழுது” என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

பெண் குழந்தை. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். நிறைமதிக்கு இரத்தம் ஏறிக்கொண்டிருந்தது. பிழைத்துவிட்டாள் என்றார் மருத்துவர். இளம்பரிதி மதியத்துக்கு மேல் சட்டை நனைந்து வந்து சேர்ந்தான். விளக்கணைந்தவரை எந்த வாடகை வண்டியும் ஏற்றவில்லையாம், ஓடியே வந்திருக்கிறான். எங்கள் வண்டி சாயங்காலம்தான் தானாக வந்தது. வழியில் வந்த அத்தனை வண்டிகளுக்கும் ஒதுங்கி, ஒழுங்காக, மரியாதையாக, கடைசியாக வந்து நின்றது. இருக்கையில் இரத்தம் காய்ந்திருந்தது.

மறுநாள் காலை குளித்துவிட்டு ஈரத்துணியோடு வாசலுக்கு வந்தேன். தூணில் விளக்கு இருண்டு கிடந்தது. எதிர்வீட்டுச் சென்னியப்பன் தன் வண்டிக்குப் பக்கத்தில் நின்றார். வணக்கம் சொல்லலாமா என்று அவருக்குத் தெரியவில்லை. நான் அதற்குக் காத்திருக்கவில்லை.

“வணக்கமுங்க. பேத்தி பொறந்திருக்கா” என்றேன்.

அவர் தெருவின் இரு பக்கமும் பார்த்தார். பிறகு மெதுவாகக் கையைக் கூப்பினார்.

நான் திரும்பி விளக்கைத் துடைத்தேன். ஈரத்துணியால் ஒருமுறை, உலர்ந்த துணியால் மறுமுறை. எரியாத விளக்கில் தூசி இன்னும் நன்றாகத் தெரிகிறது.