செல்வராசாவின் மூன்றாவது சேட்

பரந்தன் சந்தியில் ஓட்டோவை நிறுத்திவிட்டு, தவராசா வழக்கம்போல கஜேந்தினியின் கடைக்குள் கதிரையில் சாய்ந்திருந்தார். போட்டோக் கொப்பி எடுப்பதும், வெளிநாடு போகிறவர்களுக்குக் கடவுச்சீட்டு, விசா அலுவல்களைச் செய்து கொடுப்பதும் கஜேந்தினியின் தொழில். தொலைந்துபோன பத்திரங்களைத் தேடிக் கொடுப்பது தானாக வந்து ஒட்டிக்கொண்ட வேலை. அந்த வேலைக்குத் தானே வலக்கை என்று தவராசா ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். கஜேந்தினி அதை ஒப்புக்கொண்டதுமில்லை, மறுத்ததுமில்லை.

கார்த்திகை மழையில் நனைந்தபடி சுரேகா ஓடிவந்தாள். சுவிஸிலிருந்து தாயைக் கூட்டிப்போக வந்திருப்பவள், வயிற்றில் பிள்ளை.

"அக்கா, அப்பாவின்ரை மரணச் சான்றிதழைக் காணேல்லை! நாளைக்கு விடிய வாடகைக்குப் பிடிச்ச வான் வருது. கொழும்பிலை, தூதரகத்திலை அம்மாவுக்கு விசா நேர்முகம்."

"கடைசியா எப்ப கண்டனீங்கள்?"

"நேற்றுப் பின்னேரம் நானே பைக்குள்ளை வைச்சு, அலுமாரியிலை பூட்டினனான். மாசியிலை எனக்குப் பிள்ளை பிறக்கப் போகுது. என்ரை மனுசனுக்கு இரவு வேலை. அம்மா இல்லாமல் நான் அங்கை தனிய என்ன செய்யிறது?"

அவளுடைய தகப்பன் செல்வராசா போரின் கடைசி நாட்களில் வட்டுவாகலில் சனத்தோடு சனமாகப் பிரிந்துபோனவர். உடலும் இல்லை, செய்தியும் இல்லை. விசாவுக்கு வேண்டுமென்று சுரேகா மன்றாடி, தாய் கமலேஸ்வரியிடம் கையெழுத்து வாங்கி, போன மாதம்தான் அந்தச் சான்றிதழை எடுப்பித்திருந்தாள்.

"வீட்டிலை ஆர் ஆர்?" என்று கேட்டார் தவராசா, மூக்கில் மணம் பட்டவர்போல.

"அம்மாவும் சஜீவன் அண்ணாவும்தான். அண்ணாவுக்கு அம்மாவை விட விருப்பமில்லை. நேற்றும் சண்டை."

"கள்ளன் பிடிபட்டிட்டான்," என்று ஓட்டோச் சாவியை எடுத்தார் தவராசா.

முரசுமோட்டையில் வயலோரத்து வீடு அது. விறாந்தைக் கொடியில் தோய்த்த உடுப்புகள் மழைக் குளிரில் காயாமல் தொங்கின. கமலேஸ்வரி குசினியில் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். நெற்றியில் குங்குமப் பொட்டு. வந்தவர்களை இருக்கச் சொல்லிவிட்டுத் தேத்தண்ணி வைத்தாள்.

கமலேஸ்வரி படுக்கும் அறைக்குள் நுழைந்ததுமே தவராசா துள்ளினார். தரையில் காய்ந்த சேற்று அடிகள். "பாத்தீரோ தங்கச்சி! வயல் வெள்ளத்தை வெட்டிவிடப் போனவன் ராத்திரி இஞ்சை வந்திருக்கிறான்."

"ஓம், வந்தனான்," என்று வாசலில் நின்ற சஜீவன் தலையைக் குனிந்தான். "அம்மா நித்திரையோ எண்டு பாக்க வந்தனான். இன்னும் எத்தினை நாளைக்குப் பாக்கப் போறன்?"

கஜேந்தினி குனிந்து அந்த அடிகளைப் பார்த்தாள். அவை வாசலிலிருந்து கட்டிலுக்குப் போய், அங்கிருந்தே திரும்பியிருந்தன. எதிர்ச் சுவரோடு இருந்த அலுமாரிப் பக்கம் ஒரு துளி சேறும் இல்லை. அலுமாரிச் சாவி எல்லோருக்கும் தெரிந்த ஆணியில் தொங்கியது.

பையைத் திறந்தாள். ஓட வேண்டி வந்தால் முதலில் தூக்குவதற்கென்று வன்னியில் வீட்டுக்கு வீடு இருக்கும் பை அது. கடவுச்சீட்டு, காணி உறுதி, பிறப்புப் பத்திரங்கள் எல்லாம் ஒழுங்காக இருந்தன. கடவுச்சீட்டைத் தவிர, ஒன்றுவிடாமல் லமினேட் செய்யப்பட்டிருந்தன.

"லமினேட் செய்தால் தூதரகம் எடுக்காது எண்டு தொண்டை கிழியக் கத்திறனான்," என்றாள் கஜேந்தினி.

"சண்டை நேரம் மாத்தளனிலை பத்திரமெல்லாம் பாதி நனைஞ்சு போச்செல்லே," என்றாள் சுரேகா. "அந்தப் பயத்திலை கறண்ட் பில்லையும் அம்மா லமினேட் செய்வா."

"சான்றிதழையும் செய்தவாவோ?"

"இல்லை. நான் வேண்டாமெண்டு சொல்லவுமில்லை. ஏனோ அதை மட்டும் அவா தொடேல்லை."

கஜேந்தினி விறாந்தைக்கு வந்து கொடியைப் பார்த்தாள். இரண்டு ஆம்பிளைச் சேட்டுகள், தோள் அகன்றவை. சஜீவன் ஈர்க்குப்போல மெலிந்தவன்.

"இது ஆற்றை சேட்?"

"அப்பான்ரை," என்றான் சஜீவன். "மூண்டு சேட் கிடக்கு. மாசம் ஒருக்கால் அம்மா மூண்டையும் ஒண்டாத் தோய்ச்சுக் காயப்போடுவா. வந்தால் உடுக்க வேணுமாம்."

"நேற்றுப் பின்னேரம் தோய்ச்சவாவோ?"

"இல்லை, இண்டைக்குக் காலமை."

கஜேந்தினி எல்லோரையும் விறாந்தையில் இருக்கச் சொன்னாள். தவராசா சஜீவன் ஓடிவிடாமலிருக்கப் படிக்கட்டை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"அண்ணை, கொஞ்சம் தள்ளி இருங்கோ. அவர் எடுக்கேல்லை," என்று அவள் அமைதியாகத் தொடங்கினாள். "சேறு கட்டிலோடை நிக்குது. அதோடை, கச்சேரிப் பதிவாளரிட்டைப் போய்ச் சான்றிதழைக் கொண்டு வந்தது ஆர்?"

"அண்ணாதான்," என்றாள் சுரேகா.

"அப்ப இன்னொரு பிரதி எடுக்கலாமெண்டு அவருக்குத் தெரியும். பயணத்தை மறிக்க நினைச்சால் கடவுச்சீட்டைத்தான் எடுத்திருப்பார். எடுத்த ஆளுக்குப் பயணத்தோடை கோபமில்லை. அந்தக் கடதாசி இந்தப் பைக்குள்ளை இருக்கிறதைத்தான் பொறுக்க முடியேல்லை. நனைஞ்சு அழிஞ்சு போகட்டுமெண்டுதான் லமினேட்டும் செய்யேல்லை."

தவராசாவின் முகத்திலிருந்த துப்பறியும் களை மெல்ல வடிந்தது. அவர் குசினி வாசலில் இருந்த கமலேஸ்வரியைப் பார்த்தார்.

"ஆனால் அழிக்கவும் மனம் வரேல்லை," என்றாள் கஜேந்தினி. "அடுப்பு எரியுது. சாம்பலுக்குள்ளை ஒரு துண்டுக் கடதாசியும் இல்லை, தேத்தண்ணி வைக்கேக்கை பாத்தனான். எப்பவும் ஒண்டாத் தோய்க்கிற மூண்டு சேட்டிலை இண்டைக்கு ரெண்டுதான் கொடியிலை. மற்றதைத் தண்ணியிலை போடேலாமல் இருந்திருக்கு. அதின்ரை பொக்கற்றுக்குள்ளை என்ன இருக்கு, அம்மா?"

கமலேஸ்வரி எழுந்து உள்ளே போனாள். மடித்த நீலச் சேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு வந்து விறாந்தையில் உட்கார்ந்தாள். பொக்கற்றுக்குள் நாலாக மடித்த சான்றிதழ் இருந்தது.

"எரிக்கத்தான் கொண்டு போனனான் பிள்ளை," என்றாள். "அதிலை அவரின்ரை பேர் கிடக்கு. எரிச்சால் கொள்ளி வைச்ச மாதிரியெல்லே. அவர் வரட்டும், தன்ரை கையாலை கிழிச்செறியட்டும் எண்டு வைச்சிட்டன்."

தவராசா படிக்கட்டை விட்டு எழுந்து சஜீவனுக்கு வழிவிட்டார். தன் கெட்டித்தனத்தை நினைக்கவே வெட்கமாக இருந்தது.

"இன்னொரு பத்திரம் இருக்கு," என்றாள் கஜேந்தினி. "செத்ததெண்டு இல்லாமல், ஆளைக் காணேல்லையெண்டு அரசாங்கம் குடுக்கிறது. அதுக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் மாசக்கணக்கிலை இழுக்கும். தூதரகம் ஏற்குமோ எண்டும் கேக்கவேணும்."

"அதுக்குள்ளை பிள்ளை பிறந்திடும், அக்கா," என்றாள் சுரேகா.

கமலேஸ்வரி மகளுடைய வயிற்றைப் பார்த்தாள். பிறகு சான்றிதழை அவளிடம் நீட்டினாள்.

"இந்தா. நான் வாறன். இந்த நேரத்திலை தாய் வராமல் வேறை ஆர் வாறது? ஆனால் அங்கை புருஷன் எங்கையெண்டு கேப்பினமெல்லே. என்ன சொல்லவேணும் எண்டு நீ ஒருக்கால் சொல்லிக்காட்டு பிள்ளை. நான் பாடமாக்குறன்."

சுரேகா சான்றிதழை வாங்கினாள். "அப்பா..." என்று தொடங்கி நிறுத்தினாள். மறுபடி தொடங்கினாள், அதற்கு அடுத்த சொல் வரவில்லை. அவர் செத்துவிட்டார் என்று விண்ணப்பத்தில் எழுதியிருந்தாள். அதற்குக் கீழே கையெழுத்தும் போட்டிருந்தாள். பதினைந்து வருடத்துக்கு மேலாக ஒருதரமேனும் வாய்விட்டுச் சொன்னதில்லை என்பது அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது.

"சொல்லு பிள்ளை," என்றாள் தாய். அதில் குத்தலில்லை, உண்மையாகவே பாடமாக்கக் காத்திருந்தாள்.

சுரேகா தாயின் காலடியில் உட்கார்ந்து, மடியில் முகத்தைப் புதைத்து, "அப்பா, அப்பா" என்று மட்டும் சொல்லி அழுதாள். கமலேஸ்வரி அவளுடைய ஈரத் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள். சஜீவன் வயல் பக்கம் திரும்பி நின்றான்.

பிறகு சுரேகா தலை நிமிர்ந்து, சான்றிதழை மடித்துத் திரும்ப அந்த நீலச் சேட்டின் பொக்கற்றுக்குள்ளேயே வைத்தாள்.

"தவராசா அண்ணை, வான்காரருக்கு ஒருக்கால் போன் எடுத்து, நாளைக்கு வரவேண்டாமெண்டு சொல்லிவிடுங்கோ."

தவராசா போனை எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு இறங்கினார்.