நடப்பதற்கு ஏற்ற தெரு

நாலு பேர் நடந்துபோனால் நாலு விதமாகச் சத்தம் கேட்க வேண்டும். ஒருவர் செருப்பைத் தேய்ப்பார், ஒருவர் குதிகாலைக் குத்துவார், ஒருவருக்கு மூட்டு சொடுக்கும், ஒருவர் அவசரத்தில் தட்டுத் தடுமாறுவார். அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில், வெயில் விழுந்து கிடந்த அகலமான கல்பாவிய நடைபாதையில் இருபது பேராவது போய்க்கொண்டிருந்தார்கள். கேட்டது ஒரே ஒரு சத்தம்.

அவள் பிசியோதெரபிஸ்ட். பதினோரு வருட அனுபவம். ஆளைப் பார்த்தால் முகத்துக்கு முன்னால் காலைத்தான் பார்ப்பாள். கணவனின் முகம் மனசில் பதிவதற்கு முன்பே அவனுடைய தட்டைப்பாதம் பதிந்துவிட்டது என்று அவனே எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பான். இப்போது அந்தத் தட்டைப்பாதத்துக்கு இந்த ஊருக்கு மாற்றல் வந்திருந்தது. குளிர்பதனக் கிடங்கு ஒன்றுக்கு மேலாளர் வேலை. ஆறு வயது மகளையும் கூட்டிக்கொண்டு வீடு பார்க்க வந்திருந்தார்கள். மகளுக்கு வீட்டில் வைத்த பெயர் வாலு. ஏன் என்று யாரும் கேட்டதில்லை, அவளை ஐந்து நிமிடம் பார்த்தால் போதும்.

"நடக்கறதுக்கு நூத்துக்குத் தொண்ணூத்தேழு மார்க்கு," என்று கணவன் போனை நீட்டினான். எட்டு வட்டாரங்களை அலசி எடுத்திருந்தான் மனிதன். "பள்ளிக்கூடம் பத்து நிமிஷம், பூங்கா அஞ்சு நிமிஷம், கடை மூணு நிமிஷம். தெருவுக்குள்ள வண்டியே வராது. குடும்பத்தோட இருக்க இதைவிட இடம் கிடைக்குமா?"

"ஏங்க, எல்லாரும் ஒரே மாதிரி நடக்கறாங்க."

"நேரா நடக்கறாங்கன்னு சொல்லு. உனக்கு நல்லாருக்கறவங்களைக் கண்டாலே ஆகாது. பொழப்புக் கெட்டுடும்."

வீட்டுத் தரகர் இன்னும் தாராளமாக இருந்தார். ஒரு வாரம் சும்மா தங்கிப் பாருங்கள், பிடித்தால் பேசிக்கொள்ளலாம் என்றார். பள்ளிக்கூடத்திலும் அப்படியே, குழந்தை ஒரு வாரம் வந்து உட்காரட்டும் என்றார்களாம். எங்கே போனாலும் ஆயிரம் காகிதம் கேட்கிற காலத்தில் இது என்ன உபசாரம் என்று அவளுக்குச் சுருக்கென்றது. ஆனால் வாலு அதற்குள் எதிர்வீட்டுப் படிவரைக்கும் ஓடியிருந்தாள். தப், சரக். தப், சரக். தடுக்கல். எழுந்து மறுபடியும் தப், சரக்.

அது வாலுவின் நடை. வலது தொடை எலும்பு பிறவியிலேயே உள்பக்கம் முறுக்கியிருந்தது. அதனால் வலது பாதம் உள்ளே திரும்பிக் கல்லில் உரசும். ஏழெட்டு அடிக்கு ஒருமுறை அந்தக் கால் இந்தக் காலைத் தட்டிவிடும். முட்டியில் எப்போதும் ஒரு சிராய்ப்பு இருக்கும். மூன்று வருடமாக அம்மாக்காரி ராத்திரி தவறாமல் பயிற்சி கொடுத்துவந்தாள். ஊர்க் கால்களையெல்லாம் நிமிர்த்துகிறவளுக்குச் சொந்த மகளின் கால் மட்டும் கட்டுப்படவில்லை. அந்த வருத்தம் அவளுக்கு உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. ஆனாலும் மூன்று அறைக்கு அப்பால் அந்தச் சத்தம் கேட்டால் போதும், குழந்தை எங்கே இருக்கிறாள், என்ன திருட்டுத்தனம் செய்கிறாள் என்று தெரிந்துவிடும்.

ஒரு வாரத்துக்கென்று குடிவந்தார்கள். அவள் ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு கைக்கடிகாரத்தை வைத்து எண்ணினாள். காய்கறிப் பையோடு போன கிழவர், நிமிடத்துக்கு நூற்று நாலு அடி. கர்ப்பிணிப் பெண், நூற்று நாலு. இடுப்பில் கைவைத்துச் சாய்ந்து நடக்க வேண்டிய மாதம் அது, சாயவில்லை. தெரு முழுக்க ஒரு நொண்டல் இல்லை, ஒரு கைத்தடி இல்லை. சலவைத்தூள் வாசனையும் நனைந்த கல்லின் வாசனையுமாக அந்தச் சாயங்காலங்கள் அழகாகத்தான் இருந்தன, பொறாமைப்படுகிற அளவுக்கு அழகு. இருந்தும் அவள் எண்ணுவதை நிறுத்தவில்லை.

செவ்வாய்க்கிழமை எதிர்வீட்டு வாசலில் கழற்றிவைத்திருந்த செருப்புகளைத் திருப்பிப் பார்த்தாள். பெரியதும் சிறியதுமாக ஆறு ஜோடி. பன்னிரண்டு அடிப்பாகங்களும் ஒரே இடத்தில், ஒரே ஆழத்துக்குத் தேய்ந்திருந்தன.

"புதுசு வேணுமாம்மா?" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. எதிர்வீட்டு அக்கா. எப்போது வந்து நின்றாள் என்றே தெரியவில்லை.

"இல்லக்கா... சும்மா... எந்தக் கடைன்னு பார்த்தேன்." அவளுக்குக் காது வரைக்கும் சூடேறியது.

அக்கா கோபப்படவில்லை, சிரித்தாள். அவள்தான் தெருக்குழந்தைகளைப் பள்ளிக்கு நடத்திக்கொண்டு போகிறவள். நீளமான நீலக் கயிறு ஒன்று, அதில் முழத்துக்கு ஒன்றாக வளையங்கள். ஆளுக்கு ஒரு வளையத்தைப் பிடித்துக்கொண்டு பதினாலு குழந்தைகள் வரிசையாகப் போவார்கள். கடைசியில் ஒரு வளையம் காலியாக ஆடிக்கொண்டு போகும்.

"பாப்பாவையும் அனுப்பு. எங்க தெருவுல எந்தப் புள்ளையையும் பெத்தவங்க கொண்டுபோய் விடறதில்ல. அதுங்களா நடந்து பழகிடும்."

"அவளுக்குக் காலு கொஞ்சம்... நானே கூட்டிட்டுப் போயிடறேன்க்கா."

"தெரியும்," என்றாள் அக்கா. "சரியாப் போயிடும்."

திங்கள் முதல் புதன் வரை அவளே கொண்டுபோய் விட்டாள். மூன்று நாளும் கயிற்று வரிசை முன்னால் போகும், இவர்கள் பின்னால் போவார்கள். பூங்காவைத் தாண்டியதும் நடைபாதை ஓரிடத்தில் வளையும். வரிசை அங்கே திரும்பி மறையும். இவர்கள் அந்த வளைவை எட்டுவதற்குள் வரிசை நானூறு அடி தள்ளிப் பள்ளி வாசலில் நிற்கும். ஓடினாலும் அவ்வளவு சீக்கிரம் போக முடியாது. கணவனிடம் சொன்னபோது, நீ வாலுவோடு ஆமை மாதிரிப் போனால் அப்படித்தான் தெரியும் என்றான்.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவளுக்கு ஒரு மருத்துவமனையில் நேர்காணல். கணவன் ஏழுக்கே கிளம்பிவிட்டான். வாலு வேறு, "நான் கயிறு புடிச்சுட்டுப் போறேன், எல்லாரும் போறாங்க," என்று தரையில் உருண்டாள். ஆனால் அவள் சரியென்றது அதற்காக அல்ல. இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. தாளத்துக்கு நடக்கவைத்தால் சில கால்கள் திருந்தும். அவள் தொழிலில் அதுவும் ஒரு சிகிச்சை. பதினாலு குழந்தைகள் ஒரே தாளத்தில் நடக்கிறார்கள். நடுவில் இவளையும் விட்டால் கொஞ்சமாவது நேராகாதா என்று ஒரு நப்பாசை. தெருவின் மேல் அத்தனை சந்தேகத்தையும் வைத்துக்கொண்டு, சந்தேகப்பட்டதையே மருந்தாகக் கொடுத்துப் பார்த்தாள்.

வாலு கடைசி வளையத்தைப் பிடித்தாள். திரும்பிப் பார்த்து நாக்கைத் துருத்திக் காட்டினாள். தப், சரக். தப், சரக். வளைவு வரைக்கும் கேட்டது.

சாயங்காலம் நாலரைக்கு அவள் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். வேலை கிடைத்திருந்தது, அதை வாலுவிடம்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று வைத்திருந்தாள். வரிசை வந்தது. அவள் காதைத் தீட்டினாள். பதினைந்து குழந்தைகள், முப்பது கால்கள். ஒரே சத்தம்.

கடைசி வளையத்தில் வாலு. பாதங்கள் நேராக. குதிகால், ஓரம், விரல். குதிகால், ஓரம், விரல்.

"வந்துட்டேன்மா," என்றாள் குழந்தை.

முட்டியில் சிராய்ப்பு இருந்தது. காதோர மச்சம் இருந்தது. விழுந்த பல்லின் இடைவெளி இருந்தது. அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்க் கட்டிலில் குப்புறப் படுக்கவைத்து, முழங்காலை மடக்கி, பாதத்தை வெளிப்பக்கம் சாய்த்தாள். எழுபது டிகிரிக்குச் சாய்கிற கால் அது. முந்தின ராத்திரிகூட அளந்திருந்தாள். இப்போது நாற்பத்தைந்தில் நின்றது. மறுபடி அளந்தாள். மூன்றாவது முறையும் அளந்தாள்.

பழக்கம் மாறலாம். தசை இளகலாம். எலும்பு ஒரு பகலில் நிமிராது.

"பள்ளிக்கூடத்துல என்னடா செல்லம் பண்ணீங்க?"

"நடந்தோம்."

"அப்புறம்?"

"வந்தோம்."

படுக்கவைத்தபடியே அசையாமல் கிடந்தது குழந்தை. கிச்சுக்கிச்சு மூட்டவில்லை, உதைக்கவில்லை, தலையணையை எறியவில்லை. அவள் எழுந்திரு என்று சொல்லும் வரைக்கும் அப்படியே கிடந்தது.

ஆறு மணிக்குக் கணவன் வந்தான். மகள் கூடத்தில் நடப்பதைப் பார்த்து அவனுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. "மூணு வருஷமா நீ தலைகீழா நின்னும் நடக்கல. இங்க ஒரே நாளு! நாளைக்கே வீட்டைப் பேசி முடிச்சுடறேன்."

"இவ நம்ம வாலு இல்லங்க."

"என்ன உளர்ற?"

"எலும்புங்க. எலும்பு மாறியிருக்கு."

அவன் அவளைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை, பரிதாபம் இருந்தது. குழந்தை இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றது. அவள் செருப்புக்கூடப் போடாமல் தெருவில் இறங்கினாள்.

விளக்குகள் ஒவ்வொன்றாக எரிய ஆரம்பித்த நேரம். வேலை முடிந்து வருகிறவர்கள், பூங்காவுக்குப் போகிறவர்கள், எல்லாரும் அவளுக்கு வழிவிட்டு விலகினார்கள், மரியாதையாக, தாளம் தவறாமல். பள்ளிக்கூட வழியிலேயே போனாள். பூங்காவைத் தாண்டினாள். வளைவு. அங்கே ஒன்றுமில்லை. மதில், மரம், கல்பாவிய தரை, அவ்வளவுதான். பைத்தியம் மாதிரி மதிலைத் தடவிப் பார்த்தாள். கதவும் இல்லை, சந்தும் இல்லை. திரும்பிவிடலாம் என்று ஒரு கணம் நினைத்தாள். அவர் சொன்னது சரியாகவே இருக்கட்டும், என் மூளைதான் கெட்டுப்போயிருக்கட்டும், கடவுளே, அப்படியே இருக்கட்டும்.

நடந்தவர்கள் கடந்துபோனார்கள். சத்தம் ஓய்ந்தது.

ஓய்ந்த இடத்தில் கேட்டது.

வெறுங்காலில்தான் முதலில் தெரிந்தது. கல்லில் ஒரு மெல்லிய அதிர்வு. அவள் மண்டியிட்டாள். படுத்தாள். காதைக் கல்லில் வைத்தாள். கல் ஜில்லென்றிருந்தது.

தப், சரக்.

தப், சரக்.

அடியில். ரொம்ப ஆழத்தில் இல்லை.

"வாலு!"

நின்றது. பிறகு ஓடிவந்தது. தப்சரக், தப்சரக், தப்சரக். நேராக அவள் காதுக்குக் கீழே வந்தது. அங்கேயே சுற்றியது. அவள் கல் இடுக்கில் நகத்தைச் செருகினாள். கத்தி நுழையும் இடுக்குக்கூட இல்லை. நகம் பிய்ந்தது. கையால் அறைந்தாள். "அம்மா இங்கதான்டி இருக்கேன்! இங்கதான் இருக்கேன்!"

யாரோ அருகில் உட்கார்ந்தார்கள். சின்ன உருவம், தனியாக வந்திருந்தது. அவளுக்கு எதிரே அதுவும் கல்லின் மேல் படுத்து, அதுவும் காதை வைத்தது. முகத்துக்கு முகம். மச்சம். பல் இடைவெளி.

"கேக்குதாம்மா?" என்று கேட்டது, அன்பாக. "இன்னும் ரெண்டு மூணு நாளைக்குக் கேக்கும். அப்புறம் கேக்காது. எல்லா வீட்டுலயும் அப்படித்தான்."

அவள் காதை எடுக்கவில்லை. அடியில் தப், சரக். தப், சரக். தடுக்கி விழுகிற சத்தம்.

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு, எழுந்திருக்கிற சத்தத்துக்காகக் காத்துக் கிடந்தாள்.