குறையாத தீன்

பரலுக்குள் தீன் குறையவில்லை.

நிமலினி அதை முதலில் நல்ல செய்தியாகத்தான் எடுத்துக்கொண்டாள். ஐம்பது கிலோ கோழித்தீன் பத்துத் தாராவுக்கும் ஏழு கோழிக்கும் பதினேழு நாளைக்கு மேல் வராது. கோழியாவது கிளறிப் பொறுக்கித் தின்னும். தாரா, வாத்துச் சாதியல்லவா, சரியான தின்னிப்பண்டாரம், வைத்த தட்டையே விழுங்கப் பார்க்கும். தவிடும் குறுணலும் கலந்து ஏய்த்தாலும் இருபதாம் நாள் தீன் அள்ளும் பால்பேணி பரலின் அடியைச் சுரண்டத் தொடங்கிவிடும். அன்றைக்கு இருபத்திரண்டாம் நாள். இடுப்புயரப் பிளாஸ்டிக் பரலின் மூடியைத் திறந்தபோது தீன் நடு வளையத்தோடு நின்றது. கொட்டிய அன்றைக்கும் அது அங்கேதான் நின்றது. பேணியால் அள்ளிய பள்ளம் எதுவும் இல்லை. யாரோ உள்ளங்கையால் தடவி மட்டப்படுத்தி விட்டதுபோல் மேற்பரப்பு தட்டையாகக் கிடந்தது.

தீன் வைக்கிற தன் மனிசன் தாராக்களைப் பட்டினி போடுகிறாரோ என்று முற்றத்துக்கு வந்து பார்த்தாள். அவை கொழுத்துப்போய், நடக்கப் பஞ்சிப்பட்டு, வேலியோரம் கிடந்தன. பத்தும் தலையைத் தூக்கி ஒரே பக்கம், அவள் வந்த அறையின் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன.

அந்த அறை அவளுடைய வீட்டில் இல்லை. உடுப்பிட்டியில் அவர்களுடைய ஒழுங்கையில் ஏழு வீடுகள். நான்கு பூட்டிக் கிடந்தன, ஆட்கள் கனடாவிலும் லண்டனிலும். லண்டனில் இருக்கும் பக்கத்து வீட்டு ஜோர்ஜ் அண்ணை தன் வீட்டுப் பூட்டின் திறப்பை நிமலினியிடம் கொடுத்திருந்தார். சனிக்கிழமைகளில் யன்னல்களைத் திறந்து, கூட்டி, மறுபடி பூட்டுவது அவள் பொறுப்பு. கார்த்திகை பிறந்ததும் அவளுடைய குசினிக் கூரை மூன்று இடத்தில் ஒழுகியது. தீனில் ஈரம் பட்டால் பூஞ்சணம் பிடிக்கும். பூஞ்சணத் தீன் தின்ற தாரா இரண்டு நாளில் கழுத்தை முறுக்கிக்கொண்டு விழும். அதனால்தான் ஜோர்ஜ் அண்ணையின் பின்பக்கச் சாமான் அறையைத் திறந்தாள். நல்ல ஓடு, சீமெந்துத் தரை. மூலையில் இறுக்கமான மூடியோடு ஒரு நீலப் பரலும் நின்றது. அது ஜோர்ஜ் அண்ணையின் தாய் வினிபிரட் மாமியுடைய பரல். தாராக்களும் மாமி வளர்த்தவைதான். பங்குனியில் மாமி செத்தபிறகு நிமலினி அவற்றை வேலிப்பொட்டு வழியாகத் தன் வளவுக்கு ஓட்டி வந்திருந்தாள்.

நெல்லியடியில் தீன் கடை வைத்திருக்கும் அருளம்பலம், மூட்டையை ஓட்டோவில் ஏற்றும்போது படித்துப் படித்துச் சொன்னவர். பரலை முதலில் வெறுமையாக்க வேண்டும், கழுவ வேண்டும், ஒரு முழுநாள் வெயிலில் கவிழ்க்க வேண்டும். "பழசின்ரை மேலை புதுசைக் கொட்டிப்போடாதேங்கோ, தங்கச்சி. கையை உள்ளுக்கை விட்டுப் பாருங்கோ. சூடு தட்டுப்பட்டா அவ்வளவும் பழுது."

அவள் கொட்டிப்போட்டாள். அடியில் மாமியின் தீன் நாலு விரல் உயரத்துக்குக் கிடந்தது. மணக்கவில்லை, கட்டிபடவில்லை, எறிந்தால் பாவம், வெயிலும் இல்லை. இவையெல்லாம் அவள் தனக்குத் தானே சொன்ன சாட்டுகள். உண்மை என்னவென்றால், அந்தப் பரலுக்குள் குனிந்து அடியில் கிடந்ததை அள்ள அவளுக்குப் பயம். அந்தப் பயத்தின் காரணத்தை அவள் உலகத்தில் ஒருவருக்கும் சொல்லவில்லை.

கணவன் நதானியேலுக்கும் சொல்லவில்லை. அவன் பருத்தித்துறை யாழ்ப்பாணம் பஸ் ஓட்டியவன். சீனி வருத்தம் போன வருசம் இரண்டு கண்ணையும் கொண்டுபோய்விட்டது. ஐந்து மாதம் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான். தேவாலயத்திலிருந்து ஆட்கள் வந்து செபித்துவிட்டுப் போனார்கள், அவன் திரும்பவில்லை. அவனை எழுப்பியவை தாராக்கள்தான். ஒருநாள் அவை பசியில் கத்தியபோது, "அதுகளுக்கு ஏதாவது போடன்" என்றான். நீங்களே போடுங்கோ என்று அவளும் வேண்டுமென்றே சொன்னாள். அன்றிலிருந்து தீன் போடுவது அவன் வேலை. தீன் சாமான் அறைப் பரலுக்குப் போனதும், பின்கதவுத் தூணிலிருந்து வேலிப்பொட்டு வழியாக அந்த அறையின் யன்னல் கம்பிவரை ஒரு நைலோன் கயிறு கட்டிக் கொடுத்தாள். அதைப் பிடித்துக்கொண்டு காலையும் மாலையும் போய்வருவான். முகம் சவரம் செய்தான். பழைய பகிடிகள்கூட ஒன்றிரண்டு வந்தன. அவளுக்கு அந்தக் கயிற்றைக் கண்டால் கும்பிடவேண்டும்போல் இருக்கும்.

இருபத்தைந்தாம் நாள் தீன் நடு வளையத்துக்கு மேலே நான்கு விரல் ஏறி நின்றது.

அன்று இரவுச் சாப்பாட்டில் அவள் மெதுவாகக் கதையைத் தொடங்கினாள். அவன் புட்டைப் பிசைந்தபடி சிரித்தான்.

"தீன் சூடாக் கிடக்கு, நிமலி. இந்தக் குளிருக்குக் கையை விட்டா எடுக்க மனம் வருகுதில்லை."

அருளம்பலம் சொன்னது அவளுக்கு ஞாபகம் வந்தது. சூடென்றால் பழுது, நாளைக்கே கொட்டிவிட்டு வேறு வாங்குவோம் என்றாள். அவன் சாப்பாட்டிலிருந்து கையை எடுத்தான்.

"எனக்கெண்டு இருக்கிறது உந்த ஒரு வேலைதான். அதையும் பறிக்கப் போறியோ?"

அவள் அவனுடைய கோப்பையில் இன்னும் கொஞ்சம் புட்டு வைத்தாள். அவன் மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டால் இன்னொருமுறை திருப்ப அவளிடம் பலம் இல்லை. அந்தப் பயம் மற்றப் பயத்தைவிடப் பெரிதாக இருந்தது, அப்போதைக்கு.

அதன்பிறகு அவன் அங்கே போனால் திரும்பிவர நேரமெடுத்தது. கால்மணி, பிறகு அரைமணி. ஒரு காலை அவள் வேலிப்பொட்டுக்குள் நின்று காது கொடுத்தாள். ஓட்டிலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தம், ஈரச் சாக்கின் புளித்த வாடை, அறை வாசலில் சத்தமில்லாமல் கூடி நின்ற தாராக்கள், அவற்றுக்கு அப்பால் இருட்டுக்குள் அவனுடைய தாழ்ந்த குரல், இடைவெளி விட்டு விட்டு, பக்கத்து ஆசனத்தில் இருப்பவரோடு பயணத்தில் கதைப்பதுபோல. அவன் வெளியே வந்தபோது வலக்கை தோள்மூட்டுவரை தீன் தூளாக இருந்தது. யாரோடு கதைத்தீர்கள் என்று கேட்டாள். தன்பாட்டில் புலம்பியதாகச் சொன்னான். பிறகு, சொல்லலாமோ என்று யோசித்துவிட்டுச் சொன்னான்.

"ஒராள் விரலைத் தடவிப் பாக்கிறமாதிரிக் கிடக்கு. பயமொண்டும் இல்லை. என்ரை கையை ஆர் இப்ப பிடிக்கினம்?"

அவள் அறைக் கதவை இழுத்துச் சாத்தினாள்.

வினிபிரட் மாமி கட்டிலில் நித்திரையாய்ப் போனதாகத்தான் ஜோர்ஜ் அண்ணைக்கு அவள் சொன்னவள். அவர் போனில் அழுது நன்றி சொன்னார். உண்மையில் அதற்கு முந்திய மூன்று நாளும் மாமியின் தாராக்கள் இரைக்குக் கத்தியது அவளுக்குக் கேட்டது. நதானியேலின் மருந்துக்காகப் பருத்தித்துறை ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்து களைத்திருந்தாள். மாமி பார்ப்பா என்று விட்டுவிட்டாள். மூன்றாம்நாள் பின்னேரம் போனபோது மாமி சாமான் அறையில் நின்றா. நின்றபடியே, இடுப்புவரை பரலுக்குள் குனிந்து செத்திருந்தா. வலக்கை அடித்தீனுக்குள் மணிக்கட்டுவரை புதைந்திருந்தது. நாலு விரல் ஆழத் தீன், அவ்வளவுதான். அந்தக் கையை எடுக்க நிமலினி இழுத்தாள். வரவில்லை. காலைப் பரலில் முட்டுக்கொடுத்து இழுத்தாள். பிறகு உள்ளே ஏதோ ஒன்று பிடியை விட்டதுபோல் ஒரேயடியாக வந்தது. விறைத்த உடம்பென்றால் அப்படித்தான் என்று தன்னையே நம்பப் பண்ணினாள்.

கிணற்றுக் கப்பியில் சிறுவயதில் அகப்பட்டு உடைந்த மாமியின் சுண்டுவிரல் உள்ளே வளைந்தே இருக்கும். பெட்டிக்குள் வைக்கும்போது அந்தக் கையின் மற்ற விரல்களும் எதையோ பிடித்தபடி மடங்கி நின்றன, நிமிரவில்லை. வெள்ளைக் கையுறை மாட்டக்கூட முடியாமல் வேதப்புத்தகத்தால் மறைத்து அடக்கம் செய்தார்கள்.

நதானியேல் விரலைப் பற்றிச் சொன்ன மறுநாள் அவள் முடிவெடுத்துவிட்டாள். பரலை உருட்டி ஒழுங்கைக்கு அந்தப் பக்கத்துப் பற்றைக்குள் கொட்டுவது. அவனுடைய வேலை போகாமலிருக்க, புதிதாய் ஒரு சின்ன மூட்டை வாங்கித் தங்கள் விறாந்தையிலேயே பலகைமேல் வைப்பது. வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் என்று வானொலி சொல்லிக்கொண்டிருந்தது. தான் வரும்வரை அந்தப் பக்கம் போகவேண்டாம் என்று நதானியேலிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு மத்தியானம் நெல்லியடிக்குப் போனாள். அதற்கிடையில் முடிந்துவிட்டதா என்று அருளம்பலம் கேட்டார்.

"முடியேல்லை அண்ணை. கூடுது."

அவர் பகிடி என்று நினைத்துச் சிரித்தார். அவளும் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை.

திரும்பி வர மூன்று மணி. மழை சாட்டையாய் அடித்தது, கரண்ட் இல்லை, பட்டப்பகல் மாலைக் கருக்கலாய்க் கிடந்தது. மூட்டையை விறாந்தையில் இறக்கிவிட்டு அவனைக் கூப்பிட்டாள். கட்டில் வெறுமையாக இருந்தது. பின்கதவு திறந்து கிடந்தது.

தாராக்கள் முற்றத்தில் இல்லை. மழையென்றால் கூத்தாடும் பிறவிகள், ஒன்றுகூட இல்லை.

தூணில் கட்டிய கயிற்றைப் பார்த்தாள். எப்போதும் தொய்ந்து கிடக்கும் கயிறு. இப்போது விண்ணென்று இறுகி நின்றது. கையை வைத்தாள். கயிறு இழுபட்டது. விட்டது. மறுபடி இழுபட்டது.

கயிற்றைப் பிடித்துக்கொண்டே ஓடினாள். வேலிப்பொட்டில் சட்டை கிழிந்தது. அறை வாசலில் பத்துத் தாராவும் நனைந்தபடி, உள்ளே பார்த்தபடி. அவள் மிதித்துக்கொண்டு போனாள். ஒன்றும் கத்தவில்லை.

உள்ளே இருட்டு. சூடு. தீனின் மணம் மூக்கை அடைத்தது.

நதானியேல் பரலோடு ஒட்டி நின்றான். இடக்கை பின்னால் யன்னல் கம்பிக்கு நீண்டு கயிற்றை இறுக்கிப் பிடித்திருந்தது. வலக்கை தோள்வரை தீனுக்குள். தீன் பரலின் விளிம்புவரை வந்திருந்தது. அவன் கன்னம் அதன்மேல் கிடந்தது.

"விடுறாவில்லை, நிமலி."

மெதுவாகத்தான் சொன்னான். அந்தக் குரலில் இப்போது பயம் இருந்தது.

அவள் பின்னாலிருந்து அவனைக் கட்டிப்பிடித்தாள். காலைப் பரலில் முட்டுக்கொடுத்தாள். ஆண்டவரே என்றாள். இழுத்தாள்.

தோள் வந்தது. முழங்கை வந்தது. இன்னும் இழுத்தாள். தீன் இரண்டு பக்கமும் சரிந்து கொட்டியது. அவனுடைய மணிக்கட்டு வெளியே வந்தது.

அதைச் சுற்றி விரல்கள். நாலு விரல் மடங்கி இறுகியிருந்தன. சுண்டுவிரல் உள்ளே வளைந்திருந்தது.

அவள் அலறவில்லை. விட்டால் அவன் போய்விடுவான் என்பது மட்டும் தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டு கடைசிப் பலத்தையும் போட்டு இழுத்தாள். மாமியின் கை தீனுக்கு மேலே எழுந்தது, புறங்கை, மணிக்கட்டு.

கண்ணைத் திறந்தாள்.

மாமியின் மணிக்கட்டை இன்னொரு கை பிடித்திருந்தது. அவள் அறியாத ஒரு கை. அதன் மணிக்கட்டிலும், தீன் சரியச் சரிய, கீழே, விரல்கள்.