உப்புநீர்த் தட்டுகள்

அம்மாவின் முகம் வெளிறிப்போனது. நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுத்தார். நம்ப முடியாமல் மறுபடி வைத்தார்.

"இது எப்படி ஒளிருது?"

பக்கத்தில் நின்ற வாலுவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. பள்ளி விடுமுறைக்கு அம்மாவின் ஆய்வகத்துக்கு வந்தவள், ஓரிடத்தில் இருக்க மாட்டாள். அதனால் கிடைத்த பெயர் அது.

அம்மா அங்கே பன்னிரண்டு சின்னத் தட்டுகளில் வயிற்றுச் செல்களை வளர்த்தார். நாம் சாப்பிட்டதும் வயிற்றில் காஸ்ட்ரின் என்ற ஹார்மோன் சுரக்கும். செல்லுக்குள் தூங்கும் வளர்ச்சி மரபணுவை அது எழுப்புகிறதா என்பதுதான் அம்மாவின் கேள்வி. மரபணு எழுந்தால் செல் பச்சையாக ஒளிரும்படி ஏற்பாடு செய்திருந்தார். ஆறு தட்டுகளுக்கு ஹார்மோன், மற்ற ஆறுக்கு வெறும் உப்புநீர்.

இப்போது உப்புநீர்த் தட்டுகளும் ஒளிர்ந்தன. வரிசையாக நான்கைப் பார்த்துவிட்டார்.

"ஹார்மோன் இல்லாமலே மரபணு முழிச்சிருக்கு. மூணு மாசமா நான் நினைச்சதெல்லாம் தப்பு. ஆய்வகத் தலைவர்கிட்ட சொல்லிட வேண்டியதுதான்." அம்மாவின் கை தொலைபேசிக்குப் போனது.

வாலு அந்தக் கையைப் பார்த்தாள். சொன்னால் திட்டு விழும். சொல்லாவிட்டால் அம்மாவின் உழைப்பெல்லாம் குப்பைக்குப் போய்விடும்.

"போன் பண்ணாதம்மா. நேத்து நான்தான் ஊத்தினேன்."

"எதை?"

"மிச்சமிருந்த ஹார்மோனை. இதுங்களுக்கு வெறும் உப்புத்தண்ணிதானே கொடுத்தே. பாவமா இருந்துச்சு. ஆளுக்கு ஒரு சொட்டு விட்டேன்."

அம்மா பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஒப்பிட்டுப் பார்க்கத்தான்டி அதுங்களுக்குக் கொடுக்கல."

வாலுவுக்கு அழுகை முட்டியது. அப்போதுதான் சட்டென்று ஒன்று நினைவுக்கு வந்தது.

"கடைசித் தட்டுக்கு வரும்போது தீர்ந்துபோச்சும்மா. அதைப் பார்த்தியா?"

அம்மா துள்ளி எழுந்து ஆறாவது தட்டை வைத்துப் பார்த்தார். பிறகு நகர்ந்து மகளுக்கு இடம் விட்டார். உள்ளே கும்மிருட்டு. ஒரு செல்கூட ஒளிரவில்லை.

"ஒரு தட்டு போதாது, எல்லாத்தையும் முதல்லேருந்து செய்யணும்," என்றார் அம்மா. "ஆனா நான் நினைச்சது தப்பில்ல போலிருக்கு."

மறுவாரம் புதுத் தட்டுகளுக்குப் பெயர்ச்சீட்டு ஒட்டும் வேலை வாலுவுக்குக் கிடைத்தது. உப்புநீர்த் தட்டுகள் ஆறிலும் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டினாள்: "யாரும் பாவம் பார்க்க வேண்டாம்."