சணல் உருண்டை

"போலீஸ் வர்றதுக்குள்ள எங்க வீட்டுக்காரரைக் காப்பாத்துங்கம்மா!" வாட்ச்மேனின் மனைவி அண்ணி வீட்டு வாசலிலேயே அழுதாள்.

பார்சல் கிடங்கில் யாரோ ஒரு மூட்டையைப் பிரித்துப் பட்டுத்துணியை உருவிவிட்டு, செங்கல்லை அடைத்துப் புதுச் சணலால் கட்டியிருந்தார்கள். பார்சல் கட்டும் கட்டுக்காரர்கள் வீட்டுக்குப் போனபின் உள்ளே இருந்தது மூன்றே பேர்: வாட்ச்மேன், லாரி டிரைவர், மேனேஜர். பழி வாட்ச்மேன் தலையில்.

அச்சகத்தில் அகராதி திருத்துகிறவள் அண்ணி. வாயும் அகராதிதான் என்பார் கொழுந்தனார். ஆனால் துப்புத் துலக்க அவள் கிளம்பினால் முதலில் செருப்பை மாட்டுகிறவர் அவர்தான்.

கிடங்கில் கட்டுக்காரர்கள் சணல் உருண்டையின் வயிற்றிலிருந்து நுனியை இழுத்து இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். கொழுந்தனார் முட்டி தேயத் தவழ்ந்தார்.

"க்ளூ ஒண்ணும் சிக்கலையே அண்ணி! ஜீப் வந்துரும்."

"இதோ இருக்கே." செங்கல் மூட்டைக்குப் பின்னால் கிடந்த பழைய சணல் உருண்டையைக் காட்டினாள். அதன் வயிற்றிலும் ஒரு நுனி தொங்கியது. "க்ளூங்கற வார்த்தைக்குப் பூர்வீகமே நூல் உருண்டைதான். வழி தெரியாத மாளிகைக்குள்ள ஒருத்தன் நூலைப் பிரிச்சுக்கிட்டே போயி, அதையே பிடிச்சுத் திரும்பி வந்தானாம். அந்தக் கதையாலதான் துப்புக்கு அந்தப் பேரு வந்துச்சு."

"உசுரு போற நேரத்துல பாடமா?"

"மூணு பேரையும் கூப்பிடுங்க."

ஆளுக்கொரு துண்டுச் சணல் கொடுத்து, சுற்றச் சொன்னாள். டிரைவர் உள்ளங்கைக்கும் முழங்கைக்குமாகச் சுற்றினார். வாட்ச்மேன் கண்டபடி சுற்றினார். சணல் சிக்கிக் கந்தலானது.

"சார், நீங்க எப்பவாவது பார்சல் கட்டியிருக்கீங்களா?"

"நானா? வேலைக்குச் சேர்ந்ததே நாற்காலியிலதான்!" மேனேஜர் சீறினார். "பொம்பளைங்க விளையாட இதென்ன..." வாய் திட்டிக்கொண்டிருக்க, கை தன்பாட்டில் நுனியை விரலிடுக்கில் விட்டு, கட்டைவிரலில் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றியது.

கொழுந்தனார் மூட்டைக்குப் பின்னால் கிடந்த உருண்டையையும் மேனேஜரின் கையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வேற ஆளா இருந்தா பழைய சணலை அறுத்து வீசியிருப்பான்," என்றாள் அண்ணி. "எடுத்தவன் முடிச்சை அவுத்து, நுனியை வெளியே விட்டுச் சுத்தி வச்சிருக்கான். கட்டுக்காரனா இருந்தவன் கைக்கு வேற மாதிரி வராது. நாற்காலியிலதானே சேர்ந்தீங்க, சார்?"

மேனேஜர் குனிந்து தன் கையைப் பார்த்தார். உருண்டை நழுவி, வாட்ச்மேனின் காலடிக்கு உருண்டது. உள்நுனி மட்டும் மேனேஜரின் விரலிடுக்கில் இருந்தது. வெளியே ஜீப் சத்தம்.

"அதை விட்டுறாதீங்க சார்," என்றார் கொழுந்தனார். "போலீஸுக்குக் காட்டணும்."