நடுங்கும் கை

காலை ஆறரை மணிக்குச் செம்பள்ளத்தின் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு வீடுகளிலும் ஏவலிகள் எனும் வேலைக்கார எந்திரங்கள் வாசல் நிலைக்கு மேலே விரல் நுனியால் தொங்கத் தொடங்கும். வீட்டில் எத்தனை பேரோ அத்தனை நான்கு நிமிடங்கள். முதலில் குடும்பத் தலைவரின் கைரேகை பொறித்த ரேகையுறையைக் கையில் மாட்டிக்கொண்டு தொங்கும். பிறகு இறங்கி, அதைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, மனைவியின் உறையை மாட்டிக்கொள்ளும். அதன்பின் பிள்ளைகளுடையது. கீழே குடும்பத்தார் காப்பி குடித்துக்கொண்டிருப்பார்கள். தொங்கும் எந்திரத்தின் கால் தலையில் படாமல் சற்றே குனிந்து நடப்பது அவ்வூர்க் குழந்தைகளுக்குக் கூடப் பழகிவிட்டது.

செம்பள்ளம் செவ்வாய்க் கோளில், ஒரு பெரிய பள்ளத்தாக்கின் அடியில், கண்ணாடிக் கூரையின் கீழ் இருந்தது. பூமியில் அறுபது கிலோ எடையுள்ள ஆள் அங்கே நின்றால் தராசு இருபத்து மூன்று என்றுதான் காட்டும். சுமை குறைந்தால் எலும்பு கரையும். அதைத் தடுக்க எலும்பு நல அலுவலகம் ஒரு விதி செய்தது: பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவரும் தினம் நான்கு நிமிடம் விரற்பலகையில் தொங்க வேண்டும்.

விரற்பலகை பூமியில் பாறையேறிகளின் பயிற்சிக்காகச் செய்யப்பட்ட பொருள். நுனிவிரல் மட்டும் பதியும்படி ஒல்லியான விளிம்புகள் வெட்டிய ஒரு பலகை, அவ்வளவுதான். பிற்காலத்தில் அதற்கு அறிவு கூடியது. ஒவ்வொரு விரலும் எவ்வளவு பாரம் தாங்குகிறது, எவ்வளவு வேர்க்கிறது, எவ்வளவு நடுங்குகிறது என்று அளந்து அலுவலகத்துக்கு அனுப்பும். இடுப்பில் கட்டும் இழுவைக்கச்சை, செவ்வாய் பறித்துக்கொண்ட எடையைத் திருப்பித் தரும்.

ஏவலி எப்போது பலகையில் ஏறியது என்று எவருக்கும் சரியாகத் தெரியாது. யாருக்கோ ஒரு நாள் ஜலதோஷம் இருந்திருக்க வேண்டும். இன்னைக்கு மட்டும், என்று ஆரம்பித்திருப்பார்கள். மூன்று ஆண்டுகளில் ரேகையுறை விற்காத கடை இல்லை என்றாயிற்று.

விதிவிலக்கு ஒரே ஒருத்தி. குழாய் மேற்பார்வையாளராக வேலை பார்த்த செண்பகவல்லி. அவளுடைய வீட்டில் அவள் தொங்குவாள். ஏவலியாகிய துரை கீழே துண்டைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அவள் இறங்கியதும் துண்டைக் கொடுத்துவிட்டு, அவள் கணவர் கோமதிநாயகத்தின் உறையை மாட்டிக்கொண்டு மேலே போகும்.

செண்பகவல்லிக்கு எலும்பைப் பற்றிப் பெரிய கவலை இல்லை. ஊரின் வடகோடியில் முந்நூறு மீட்டர் உயரத்தில் ஆனைச்சுவர் நின்றது. உளி படாத சிவப்புப் பாறை. தூசிப் பருவம் முடிந்தபின் ஆண்டுக்குப் பத்து நாள் மட்டும் அதை ஏறுவோருக்குத் திறப்பார்கள். செவ்வாயின் ஓர் ஆண்டு பூமியின் இரண்டு ஆண்டுக்குக் கொஞ்சம் குறைவு. ஏறுவதற்கு உரிமம் வேண்டும். உரிமத்துக்கு, ஒரு நாளும் விடாமல் தொண்ணூறு நாள் தன் கையால் தொங்கிய பதிவு வேண்டும். சென்ற முறை அறுபத்தோராம் நாளில் அவளுக்கு நடுவிரல் தோல் கிழிந்தது. கணக்கு பூஜ்யத்துக்குப் போனது. இப்போது அவளுக்கு வயது நாற்பத்தாறு. நாற்பத்தேழுக்கு மேல் உரிமம் கிடையாது.

எண்பத்தெட்டாம் நாள் காலை, அவள் நான்கு நிமிடம் தொங்கி முடித்ததும் பலகை வழக்கமான பாராட்டைச் சொல்லவில்லை.

"ஏவலிக் கை. பதிவு ஏற்கப்படவில்லை. இன்னும் இரண்டு வாய்ப்புகள் உள்ளன."

கையைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஏறினாள். பலகை மறுபடி அதையே சொன்னது. வாய்ப்பை மட்டும் ஒன்றாகக் குறைத்துக்கொண்டது.

"என்னட்டி சொல்லுது அது?" என்று கோமதிநாயகம் காப்பித் தம்ளரோடு வந்தார்.

"என் கை மனுசக் கை இல்லையாம்."

"அது கல்யாணத்துக்கு மறுநாளே எனக்குத் தெரியும்லா."

"விளையாடாதிய. இன்னைக்கு எண்பத்தெட்டு. இது போச்சுன்னா எல்லாம் போச்சு." அவள் செருப்பைத் தேடினாள். "நான் ஆபீஸுக்குப் போயிட்டு வாரேன். துரை பலகையத் தொட வேண்டாம்."

"அப்ப என் தொங்கல்?"

"ஒரு நாளைக்கு நீங்களே தொங்குங்களேன்."

அவர் பலகையை அண்ணாந்து பார்த்தார். பிறகு காப்பியைக் குடித்தார்.

எலும்பு நல அலுவலகத்தில் பதிவாளர் அற்புதராஜ் தனியாக இருந்தார். அவளைக் கண்டதும் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"வருவீங்கன்னு தெரியும்க்கா. உக்காருங்க."

"எப்படித் தெரியும்?"

"ஏவலிய வச்சு ஊரே ஏமாத்துதுன்னு எவனோ மொட்டைக் கடுதாசி போட்டுட்டான். கண்டுபிடிக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு. நேத்து சாயங்காலம் எல்லாப் பலகைக்கும் புதுப் பாடம் ஏத்தினோம்."

"என்ன பாடம்?"

"மனுசக் கை எப்படி இருக்கும்ங்கிற பாடம். மூணு வருசமா நம்ம ஊர்ல தொங்கின அத்தனை கைப் பதிவையும் பலகைக்குக் காட்டினோம். இதெல்லாம் மனுசக் கை, இதுல சேராதது ஏவலின்னு சொல்லிக் குடுத்தோம். ராத்திரியோட ராத்திரியா படிச்சிட்டு."

"எத்தனை திருடனைப் பிடிச்சுது?"

"ஒண்ணு," என்றார் அற்புதராஜ், மேசையைப் பார்த்துக்கொண்டே. "அறிக்கையும் அனுப்பியாச்சு. மூவாயிரத்து எண்ணூறு பேர்ல ஒரே ஒரு ஆள்தான் ஏமாத்துதுன்னு. மேலிடத்துல ரொம்பச் சந்தோசம்."

அவர் திரையைத் திருப்பிக் காட்டினார். ஊராரின் பிடிகள் கோடு கோடாக இருந்தன. எல்லாம் அடிக்கோல் வைத்து இழுத்தவை போல நேர்க்கோடுகள். நடுவே ஒன்று மட்டும், கொதிக்கும் உலைத்தண்ணீர் மாதிரி, துள்ளித் துள்ளிப் போனது.

"இது நீங்க. மூணாம் நிமிசத்துல நடுங்குது பாருங்க."

"கைன்னா நடுங்கத்தானப்பா செய்யும்?"

"மத்த யாருக்கும் நடுங்கலையே."

"மத்தவங்க யாரும் தொங்கலையே! உனக்கே தெரியாதா? நீ கடைசியா எப்பத் தொங்கினே?"

அற்புதராஜ் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார். "மெதுவா பேசுங்க. தெரியும்க்கா. ஆனா அதை எப்படி எழுதுவேன்? மூவாயிரத்து எழுநூத்துத் தொண்ணூத்தொம்பது பேரும் ஏவலின்னு எழுதணும். அதுல கையெழுத்துப் போடுற நானும் ஏவலி."

அவள் இரண்டு கைகளையும் மேசைமேல் மலர்த்தி வைத்தாள். ஒவ்வொரு விரலின் முதற்கணுவிலும் காய்ப்பு இருந்தது. கிழிந்து ஆறிய நடுவிரலில் வெள்ளைத் தழும்பு. அவர் குனிந்து, தொட்டே பார்த்தார்.

"மனுசக் கைதான்," என்றார். "ஆனா என் கண்ணுக்கு அதிகாரம் இல்லையே. மேல்முறையீடு பண்ணலாம். பண்ணினா அதையும் பலகைதான் விசாரிக்கும்."

அவள் பத்து மணிக்கு வீடு திரும்பினாள். பதிவை முடிக்கப் பன்னிரண்டு மணிவரை நேரம் இருந்தது. பலகைக்குக் கீழே முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். கை நடுங்காமல் தொங்க வழி உண்டா என்று யோசித்தாள். முதல் நிமிடம் நடுங்காது. மூன்றாம் நிமிடத்தில் எந்த மனிதருக்கும் நடுங்கும். நடுங்காவிட்டால் அவர் தொங்கவில்லை என்று பொருள்.

"துரைய ஏத்து," என்றார் கோமதிநாயகம். இந்த முறை கிண்டல் இல்லை. "மூணு வருசம் நீ பட்டது எனக்குத் தெரியும். மூணு நாள்தானே? சுவர்ல நீதானே ஏறப் போற."

"ஒரு நாள் கூட நான் ஏமாத்தினதில்லீங்க."

"அதனாலதான் மாட்டிக்கிட்ட."

பதினொன்றே முக்காலுக்கு அவள் எழுந்தாள். கல்யாண நாள் பரிசாக யாரோ கொடுத்து, பிரிக்காமல் கிடந்த தன் ரேகையுறையை அலமாரியிலிருந்து எடுத்துத் துரையின் கையில் மாட்டினாள். துரை தொங்கியது. துண்டை அவள் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மனிதக் கை உறுதி செய்யப்பட்டது," என்றது பலகை. "செண்பகவல்லி, உங்கள் பிடி இன்று மிக இயல்பாக இருக்கிறது. நல்ல முன்னேற்றம்."

எண்பத்தொன்பதும் தொண்ணூறும் அவ்வாறே கழிந்தன. உரிமம் வந்தது.

ஆனைச்சுவரின் அடிவாரத்தில் திருவிழாக் கூட்டம். உரிமம் பெற்ற முப்பத்து நான்கு பேரும் குடும்பத்தோடு வந்து, பாய் விரித்து, புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களின் ஏவலிகள் உறை மாட்டி ஏறிக்கொண்டிருந்தன. ஏவலியின் உச்சந்தலையில் இருந்த படக்கண்ணின் வழியாக உரிமையாளர்கள் உயரத்தைப் பார்த்து, "அம்மாடி, தலை சுத்துது," என்று சொல்லிக்கொண்டார்கள்.

வாயிலில் அன்றைக்கு அற்புதராஜுக்குப் பணி. உரிமத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, அவர் தயங்கினார்.

"இங்கயும் பலகை இருக்குக்கா. அது ஒத்துக்கிட்டாத்தான் கதவு திறக்கும்."

செண்பகவல்லி இதை எதிர்பார்க்கவில்லை. விரலைப் பதித்தாள். கையில் ஏற்கெனவே நடுக்கம் இருந்தது. "ஏவலி. உரிமம் இல்லை," என்றது வாயிற்பலகை.

பின்னால் துரை தண்ணீர்ப் பையோடு நின்றது. அவள் அதைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள். முந்நூறு மீட்டர். ஒரு வெடிப்பு இடப்பக்கமாக வளைந்து ஏறி, யானையின் மத்தகம் போன்ற புடைப்பின் அடியில் மறைந்தது. மூன்று ஆண்டாகத் தூக்கம் வருமுன் அந்த வெடிப்பில்தான் அவள் மனத்தால் விரல் வைத்து ஏறியிருந்தாள்.

"தம்பி, பலகை கணக்குல நான் யாரு?"

"ஏவலிதான்க்கா. தப்பா எடுத்துக்கிடாதிய."

"உரிமம் வச்சிருக்கவங்க தண்ணி, கயிறு தூக்க ஒரு ஏவலியக் கூடக் கொண்டுபோகலாம்லா?"

"ஒண்ணு கொண்டுபோகலாம்."

"அந்த ஏவலிக்கு உரிமம் வேணுமா?"

அற்புதராஜ் விதிப்புத்தகத்தை எடுத்து, பக்கம் புரட்டி, விரலை வைத்து வரி வரியாகப் படித்தார். பிறகு புத்தகத்தை மூடினார்.

"வேண்டாம்," என்றார். "கருவிக்கு எதுக்கு உரிமம்?"

அவள் தன் ரேகையுறையைத் துரைக்கு மாட்டிவிட்டாள். தண்ணீர்ப் பையைத் தன் தோளில் போட்டுக்கொண்டாள்.

வாயிற்பலகையில் பூமிக் காலத்துச் சிறு கட்டம் ஒன்று இருந்தது: நான் எந்திரம் அல்ல. பூமியில் இருந்த முன்னோர், பயணச்சீட்டு வாங்குவதானாலும் சரி, மின்கட்டணம் கட்டுவதானாலும் சரி, முதலில் இந்தக் கட்டத்தில் குறியிட்டு எந்திரத்தின் சந்தேகத்தைத் தீர்த்துவிட்டுத்தான் மற்ற வேலையைப் பார்த்தார்களாம். காரணம் மறந்துபோனது, கட்டம் தங்கிவிட்டது. துரை பலகையில் விரல் பதித்துவிட்டு அதிலும் குறியிட்டது. கதவு திறந்தது.

துரை சீராக ஏறிப் போனது. செண்பகவல்லி பின்னால் ஏறினாள். முதல் நூறு மீட்டரில் கை நினைத்தபடியே போயிற்று. மத்தகத்தின் அடியில் விளிம்பு அரை விரல் அகலம்தான். அங்கே தொங்கியபோது வலக்கை நடுங்கத் தொடங்கியது. பலகையில் அந்த நடுக்கம் அவளுக்கு அவமானமாக இருந்திருக்கிறது. பாறையில் அது தகவல். விரல் இன்னும் எத்தனை நொடி தாங்கும் என்று அது சொன்னது, அவள் கேட்டாள், எட்டு நொடிக்குள் இடக்கையை வெடிப்புக்குள் செருகி உடலை மாற்றிக்கொண்டாள்.

மேலிருந்து துரை கையை நீட்டியது. "உதவி வேண்டுமா?"

"நீ போ துரை. நான் வாரேன்."

உச்சிக்கு அவள் வந்து சேர நான்கு மணி நேரமாயிற்று. அங்கே ஒரு பதிவுத் தகடு இருந்தது. துரை முன்னமே அதில் விரல் பதித்திருந்தது. தகட்டில் எழுத்து ஒளிர்ந்தது: செண்பகவல்லி. மனிதக் கை. நேரம் முப்பத்தெட்டு நிமிடம். நடுக்கம் இல்லை. பெண்கள் பிரிவில் புதிய சாதனை.

அவள் தன் விரலையும் வைத்தாள். கீழே இன்னொரு வரி வந்தது: உடன் கொண்டுவந்த கருவி, ஒன்று.

காதில் செருகியிருந்த பேசியில் கோமதிநாயகத்தின் குரல் கேட்டது. "செண்பகம்! சாதனையாம்லா! கூட்டமே வந்து கை குடுக்குது. மூணரை மணி நேரமா கை குடுத்துக் குடுத்து எனக்கு விரல் வலிக்குது."

"தேய்ச்சுவிடுங்க," என்றாள் அவள்.

உட்கார்ந்தாள். கண்ணாடிக் கூரைக்கு அப்பால் சூரியன் சின்னதாக இருந்தது. ஊர் கீழே ஒரு கை அகலத்தில் கிடந்தது. துரை துண்டை நீட்டியது. அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு தண்ணீர் குடித்தாள்.

அப்போது மணிக்கட்டுத் திரையில் எலும்பு நல அலுவலகத்தின் செய்தி வந்தது.

"அன்புள்ள செண்பகவல்லி, சாதனைக்கு வாழ்த்துகள். நீங்கள் உடன் கொண்டுசென்ற கருவி பழையது. அதன் பிடியில் நடுக்கம் காணப்படுகிறது. அதை ஒப்படைத்துப் புதிய மாதிரி ஒன்றைப் பெற்றுக்கொள்ளலாம். ஒப்படைக்கச் சம்மதமா?"

கீழே இரண்டு கட்டங்கள் இருந்தன. சம்மதம் என்று ஒன்று. பிறகு நினைவூட்டவும் என்று மற்றொன்று. வேண்டாம் என்று சொல்லக் கட்டம் எதுவும் இல்லை. முன்னோர் காலத்திலிருந்தே அது இருந்ததில்லை.

அவள் இரண்டாவதைத் தொட்டாள். விரல் நடுங்கிக்கொண்டிருந்ததால் மூன்றாம் தடவைதான் பதிந்தது.